துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை

ராஜதந்திரமும் சர்வதேசச் சட்டமும் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த வித்தைகள் என்று நம்மில் படித்தவர் பலர் நம்பியிருக்கின்றனர். அந்நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சட்டக் கலாசாலையில் நம் கையில் கொடுக்கப்பட்ட நூல்களெல்லாம் அந்நாட்டார் எழுதியவை. யுத்தத்துக்கும் சமாதானத்துக்கும் உரிய தர்மங்களை ஹாலந்து தேசத்து க்ரோஷியஸ் 1625-ம் வருஷம் வகுத்தார். நுஷாதேல் நாட்டு வாட்டெல் 1758-ம் வருஷம் அவற்றைத் திரட்டி, மந்திரிகளும் தூதர்களும் எடுத்தாளத் தக்க நூலாக்கினார். நமக்கும் இத்துறையில் பழைய செல்வம் உண்டு. திருக்குறளில் தூதுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம் இருக்கிறது. ஆனால் இவை யாவும் விதி கூறும் நூல்கள். விதியானது அதிகாரம் படைத்தோர் கையில் அகப்பட்டு என்ன பாடுபட்டது என்பதை அருகிலிருந்து கண்டு, கண்டதைக் கண்டபடி எழுதி வைத்த நூல் தமிழில் உண்டோ என்று வினவுவோர்க்கு, உண்டு என்றே விடை பகர்வோம். வாட்டெல் தமது நூலை வெளியிட்ட அதே 1758-ம் வருஷத்தில், பாண்டிச்சேரியில் ஒரு தமிழர் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதி வந்த தினக்குறிப்பைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவரே ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய சரித்திரத்தை அரசியல் ஊழியர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும் என்பது நமது கருத்து.

பிள்ளையவர்கள் 1709-ம் வருஷம் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வர்த்தகர். இன்று சென்னையிலிருந்து மேற்கே அம்பத்தூர், ஆவடி நோக்கிச் செல்லும் ரயில் பெரம்பூரைக் கடந்தே செல்கிறது. அந்நாளில் அது இங்கிலீஷ்காரரின் கோட்டைக்கு வெளியே கிடந்த ஒரு கிராமம். அதன் வரி ஆற்காட்டுக்குச் சென்றது. பிள்ளையவர்களுக்கு முப்பத்து மூன்று வயதாயிருக்கையில், 1742-ம் வருஷம், ஆற்காட்டு நவாப் அக்கிராமத்தை வேப்பேரி முதலிய வேறு நான்கு ஊர்களுடன் சேர்த்துக் கம்பெனியாருக்குக் கொடுத்துவிட்டார். ஊராரைக் கேட்க வேண்டுமென்ற எண்ணம் கொடுத்தவருக்கும் எழவில்லை, வாங்கினவருக்கும் எழவில்லை. ஒரு காகிதத்தினால் பிறந்த மண் கைமாறியது. பிள்ளையவர்கள் தமது வாழ்நாள் முழுவதும் கண்டது இத்தகைய காகிதங்களையே.

அவருடைய குடும்பத்துக்கு முதற்பாடம் அதற்கும் வெகு காலம் முன்னரே கிடைத்துவிட்டது. அவருடைய மாமன் நைனியப்ப பிள்ளை பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் தரகராக இருந்தார். திருவேங்கடம் பிள்ளை பெரம்பூரை விட்டு அங்கே குடியேறியதும் அவர் அழைத்ததன் பேரிலேயாம். 1716-ம் வருஷம் கவர்னர் எபேர் என்பவர் நைனியப்ப பிள்ளைமீது ராஜத் துரோகம் முதலிய குற்றங்களைச் சாட்டி, கடைத்தெருவில் கசையடியும் சிறைவாசமும் விதித்து, சொத்துக்களையும் பறிமுதல் செய்தார். அடுத்த வருஷம் நைனியப்ப பிள்ளை சிறையிலேயே மாண்டார். அவருடைய மகன் குருவப்ப பிள்ளை அதனோடு அடங்கிவிடவில்லை. கப்பலேறிப் பிரான்சு தேசம் சென்றார். அரசாங்கத்தின் முன் முறையிட்டார். தகப்பனார்மீது விதிக்கப்பட்ட தண்டனை தவறென்று தீர்ப்பும் பெற்றார். அங்கே கிறிஸ்து மதத்தைத் தழுவி, அரசாங்கத்தின் வீரப் பட்டமும் பெற்றுத் திரும்பி, தகப்பனார் வகித்த பதவியையே வகித்து, 1724-ம் வருஷம் காலமானார். பதினைந்து வயதுச் சிறுவராயிருந்த ஆனந்தரங்கர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்நியர் அளிக்கும் பதவி ஒரே நாளில் பறிபோகும் என்பதும், நியாயம் கேட்க ஆறு மாதக் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கும் என்பதும், அங்கும் எழுத்து ஆதாரம் இருந்தாலன்றி வழக்கு நில்லாது என்பதும் அவருக்கு இளமையிலேயே புலனாகியிருக்கும்.

1726-ல் தகப்பனார் இறந்தார். கவர்னர் லெனுவார் இளைஞரிடம் நம்பிக்கை வைத்துப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பை ஒப்புவித்தார். பிள்ளையவர்கள் ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் சொந்தச் செலவில் கிடங்குகள் அமைத்துச் சீமைச் சரக்குகளை விற்றார். ஆனந்தப் புரவி என்னும் கப்பலும் அவருக்கு உண்டு. துணி, பாக்கு, சாயம், நாணயம் என்று அவர் வியாபாரம் விரிந்தது. வர்த்தகருக்குச் செய்தியே முதல். ஆற்காட்டில் யார் நவாப், ஐதராபாத்தில் யார் சுபேதார், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது என்று அறியாதவன் கடை நடத்த முடியாது. 1736-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பிள்ளையவர்கள் தினப்படி சேதிக் குறிப்பு எழுதத் தொடங்கியது இந்த வர்த்தகப் பழக்கத்தின் காரணமாகவே என்று நாம் கருதுகிறோம். அது புலவர் தமிழ் அன்று; தெலுங்கும் பார்சியும் பிரெஞ்சும் போர்த்துகீசும் கலந்த கடைவீதித் தமிழ். அதில் சகுனமும் ஜாதகமும் உண்டு. தற்பெருமையும் கோள் செய்தியும் உண்டு. ஆயினும் யார் யாரிடம் என்ன பேசினார், எந்தக் கடிதம் எந்த வக்கீல் மூலம் வந்தது, அதற்கு என்ன மறுமொழி போயிற்று, எவ்வளவு நஜர் வைக்கப்பட்டது என்பவற்றை இவ்வளவு விவரமாகச் சொல்லும் நூல் அக்காலத்துத் தென்னிந்தியாவைப் பற்றி வேறில்லை.

சர்வதேசச் சட்டம் பயில்வோர் முதலில் கவனிக்கத் தக்கது 1740-ம் வருஷத்துச் சம்பவம். அவ்வருஷம் மகாராஷ்டிரப் படை கணவாயைக் கடந்து வந்து நவாப் தோஸ்து அலியைப் போரில் கொன்றது. நவாபின் குடும்பத்தாரும், அவர் மருமகனாகிய சந்தா சாகிபின் மனைவி மக்களும் பாண்டிச்சேரிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். மகாராஷ்டிரத் தளபதி ரகூஜி போன்ஸ்லே அவர்களை ஒப்படைக்கும்படி கேட்டார், கப்பமும் கேட்டார். கவர்னர் துமா இரண்டையும் மறுத்தார். வந்தடைந்தாரைக் காத்தல் நம் நாட்டுப் பழைய தர்மம். மேல்நாட்டு நூல்களும் அதனை அடைக்கல உரிமை என்று போற்றுகின்றன. தர்மத்தின் பயன் ராஜதந்திரத்துக்கும் கிடைத்தது. மொகலாய தர்பார் துமாவுக்கு மன்சப் பட்டம் அளித்தது. அப்பட்டம் பின்வந்த கவர்னருக்கும் தொடர்ந்தது. வணிகராக வந்தவர் அன்றே மொகலாய அதிகாரியும் ஆயினர். பின்னர் விளைந்தவற்றுக்கெல்லாம் இதுவே வித்து.

டூப்ளே 1742-ம் வருஷம் பாண்டிச்சேரிக் கவர்னரானார். 1744-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் யுத்தம் மூண்டது. ஆஸ்திரிய சிம்மாசனத்துக்கு உரியவர் யார் என்பது வழக்கு. அவ்வழக்குக்கும் சோழமண்டலக் கரைக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. இங்கே இரு கம்பெனிகளும் சண்டையின்றி இருக்கலாம் என்று டூப்ளே எழுதினார். சென்னையிலிருந்தவர்கள், தங்களுடைய ராஜாவின் போர்க்கப்பல்களைத் தாங்கள் கட்டுப்படுத்த முடியாது என்றனர். அக்கப்பல்கள் பிரெஞ்சு வர்த்தகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டன. அப்பொழுது டூப்ளே நவாப் அன்வருத்தீனிடம் முறையிட்டார். தமது பூமியில் இருக்கும் பாண்டிச்சேரியைத் தாக்கலாகாதென்று நவாப் இங்கிலீஷ்காரருக்கு உத்தரவிட்டார். அவர்களும் தரைமேல் தாக்காமல் நின்றனர். இவ்விடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டும். இரண்டு அந்நிய ராஜ்யங்கள் யுத்தம் செய்கின்றன; அவ்விரு கூட்டத்தாரும் தங்கியிருக்கும் பூமிக்கு உடையவர், எமது எல்லைக்குள் உங்கள் யுத்தம் கூடாது என்கிறார். நடுநிலை நாட்டின் உரிமை என்று இன்று நூல்கள் விரித்துரைப்பது இதுவேயன்றோ? ஆற்காட்டு நவாப் க்ரோஷியஸைப் படித்தவரல்லர். எனினும் உரிமை இன்னதென்று அறிந்திருந்தார்.

உரிமையை அறிதல் ஒன்று; அதைக் காக்கும் வலிமை மற்றொன்று. 1746-ம் வருஷம் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே கப்பல்களுடன் வந்ததும் காட்சி மாறியது. இப்பொழுது நவாபிடம் முறையிட்டவர்கள் இங்கிலீஷ்காரர். நவாபும் அதே உத்தரவைப் பிரெஞ்சுக்காரருக்கு அனுப்பினார். டூப்ளே அதனை மீறவும் இல்லை, ஏற்கவும் இல்லை. சென்னையைப் பிடித்து நவாப் கையிலேயே ஒப்படைப்பதாக வாக்களித்தார். செப்டம்பர் மாதம் மூன்று நாள் குண்டு மாரிக்குப் பின் சென்னைக் கோட்டை பணிந்தது. லபூர்தொனே கவர்னர் மோர்ஸுடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பதினொரு லட்சம் வராகன் மீட்புப் பணம் பெற்று நகரத்தை இங்கிலீஷ்காரருக்கே திருப்பிக் கொடுப்பது என்பது அதன் சாரம். ஆகவே ஒரே நகரம் ஒரே சமயத்தில் இருவருக்கு வாக்களிக்கப்பட்டதாயிற்று: நவாபுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வாக்கு, இங்கிலீஷ்காரருக்கு மற்றொரு பிரெஞ்சுக்காரர் வாக்கு.

டூப்ளேக்கும் லபூர்தொனேக்கும் இது குறித்து எழுந்த விவாதம் சட்டக் கலாசாலையில் பாடமாக வைக்கத் தக்கது. கடல்மேல் எனக்கு ராஜாவின் ஆணை உண்டு, நான் வென்ற நகரத்துக்கு நான் செய்த ஏற்பாடு செல்லும் என்பது லபூர்தொனேயின் கட்சி. இந்தியத் தரைமேல் பிடித்த எதுவும் பாண்டிச்சேரிக் கவர்னரின் அதிகாரத்துக்கு உட்பட்டது, அதிகாரமின்றிச் செய்த உடன்படிக்கை எம்மைக் கட்டாது என்பது டூப்ளேயின் கட்சி. படைத்தலைவன் தன் எல்லையைக் கடந்து அளித்த வாக்கு அவன் அரசைக் கட்டுமா என்ற கேள்வியை க்ரோஷியஸ் ரோமாபுரிச் சரித்திரத்தை வைத்து ஆராய்ந்திருக்கிறார். சென்னையிலோ அதை ஆராய்ந்தவை பீரங்கியும் புயலுமாம். தம்மைத் தடுக்க வந்த பாண்டிச்சேரிப் பிரதிநிதிகளை லபூர்தொனே கைது செய்தார். அக்டோபரில் அடித்த புயல் அவருடைய கப்பல்கள் பலவற்றை நாசமாக்கிற்று. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் புறப்பட்டுச் சென்ற சில நாட்களுக்குள் டூப்ளே அதனை ரத்துச் செய்து, மோர்ஸைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார். உடன்படிக்கை முறிந்தபின் தாங்கள் கொடுத்த உறுதிமொழியும் தங்களைக் கட்டாது என்று வாதித்து இங்கிலீஷ்காரர் சிலர் தப்பியோடினர். அவர்களில் ஒருவர் கம்பெனிக் குமாஸ்தாவாயிருந்த கிளைவ். லபூர்தொனே பிரான்சில் பாஸ்டீல் சிறையில் வாடி, 1751-ல் குற்றமற்றவரென விடுதலையானார்.

நவாபுக்கு அளித்த வாக்கு என்னவாயிற்று? அவர் மகன் மாபூஸ்கான் படையுடன் வந்து சென்னையை வளைத்தார். நவம்பர் மாதத்தில் அடையாற்றங்கரையில், ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை நவாபின் பதினாயிரம் பேரைச் சிதற அடித்தது. அப்படையிலும் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்களே. சண்டை நடந்தது சில மணி நேரம். ஆனால் பூமிக்கு உடையவர் என்ற நவாபின் நிலை அன்றோடு வெறும் பெயராயிற்று. பிள்ளையவர்கள் இச்செய்திகளையெல்லாம் பாண்டிச்சேரியில் இருந்தவாறே பெற்றார். தலைமைத் துபாஷியாயிருந்த கனகராய முதலி அவ்வருஷத் தொடக்கத்தில் இறந்தபின் அவ்வேலையைப் பெரும்பாலும் கவனித்தவர் அவரே. மறு வருஷம் பதவியும் அவருடையதாயிற்று. டூப்ளே அவரிடம் நாள்தோறும் ஆலோசித்தார். டூப்ளேயின் புகழைக் குறிப்பில் பக்கம் பக்கமாகப் பாடும் பிள்ளையவர்கள், நவாபுக்குக் கொடுத்த வாக்கு நழுவவிடப்பட்ட விதத்தையும் அதே கையால் எழுதியிருக்கிறார். அவர் வேண்டுமென்று குற்றஞ்சாட்டவில்லை. உள்ளதை எழுதினார், அதுவே குற்றச்சாட்டாக நிற்கிறது.

அதிகாரத்தின் உச்சியில் இருந்தபொழுதே அவர் தமது வலிமையின் அளவைக் கண்டுகொண்டார். 1748-ம் வருஷம் பாஸ்கவன் என்னும் இங்கிலீஷ் கடற்படைத் தலைவர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில், வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. பல்லாண்டுகளாக மாதாகோவில் பாதிரிமார் கேட்டு வந்ததும், முன்னிருந்த கவர்னர்கள் ஒத்திப்போட்டு வந்ததும் அதுவே. முற்றுகையைச் சாக்காக வைத்து அது நிறைவேறிற்று. கவர்னரின் மனைவியாருக்கு அதில் பங்குண்டு என்பது பிள்ளையவர்களின் துணிபு. நவாபுகளுக்கும் நிஜாமுக்கும் ஓலை போக்கிய தலைமைத் துபாஷியினால் தம் ஊர்க்கோவிலின் ஒரு கல்லைக் காப்பாற்ற முடியவில்லை. ஊரார் வந்து முறையிட்டபோது அவர் ஆறுதல் சொன்னாரேயன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை. இப்பகுதியில் அவருடைய எழுத்து, வேறெங்கும் காணாத துயரத்துடன் செல்கிறது.

அதே 1748-ம் வருஷம் ஐரோப்பாவில் எய்லாஷாப்பேல் நகரத்தில் சமாதானம் ஏற்பட்டது. வட அமெரிக்காவில் இங்கிலீஷ்காரர் பிடித்திருந்த லூயிபர்க் கோட்டையைப் பிரான்சு திரும்பப் பெற்றது. அதற்கு ஈடாகச் சென்னை இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. 1749-ல் கோட்டை ஒப்படைக்கப்பட்டது. சென்னை யாருக்குச் சொந்தம் என்று மூன்று வருஷம் நவாபும், டூப்ளேயும், லபூர்தொனேயும், மோர்ஸும் வாதாடிய வழக்கு, பனி உறையும் ஒரு தீவின் கோட்டையை வைத்துத் தீர்க்கப்பட்டது. மேசையைச் சுற்றி அமர்ந்தவருள் இந்நாட்டார் ஒருவரும் இல்லை.

ஐரோப்பாவில் சமாதானம் வந்தபின் இங்கே யுத்தம் வேறு பெயரால் நடந்தது. ஐதராபாத் நிஜாம் 1748-ல் இறக்க, அவர் மகன் நாசர்ஜங்கும் பேரன் முசபர்ஜங்கும் பட்டத்துக்குப் போட்டியிட்டனர். ஆற்காட்டுக்குச் சந்தா சாகிபு ஒருபுறம், அன்வருத்தீன் குடும்பத்தார் ஒருபுறம். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் மகமதலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். இரு கம்பெனிகளும் தாங்கள் யுத்தம் செய்யவில்லை என்றும், தத்தம் நவாபுக்குத் துணை நிற்பதாகவும் சொல்லிக்கொண்டன. துணைக்குக் கூலி பூமி. இங்கிலீஷ்காரர் பூந்தமல்லிச் சீமையைப் பெற்றது இவ்வாறே; 1750-ஐ ஒட்டி மகமதலி அதனை அவர்களுக்கு அளித்தார். எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. நாசர்ஜங் 1750 டிசம்பரில் கொல்லப்பட்டபின் பாண்டிச்சேரியில் பட்டமேற்ற முசபர்ஜங், டூப்ளேக்குச் செய்த மரியாதைகளுடன் பிள்ளையவர்களுக்கும் மூவாயிரம் குதிரை மன்சப்பும், செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் அளித்தார். பின்னர் அச்சீமையே அவருக்கு ஜாகீர் என்றாயிற்று. சில வாரங்களில் முசபர்ஜங்கும் போரில் மடிந்தார்.

பெரம்பூரில் பிறந்த வர்த்தகர் செங்கற்பட்டுக்கு ஜாகீர்தார்! கேட்க இனிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நேயர்கள் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். பூந்தமல்லிக்கு மகமதலியின் சன்னது. அவர் நவாப் என்பதைப் பிரெஞ்சுக்காரர் ஒப்பவில்லை. செங்கற்பட்டுக்கு முசபர்ஜங்கின் சன்னது. அவர் சுபேதார் என்பதை இங்கிலீஷ்காரர் ஒப்பவில்லை. அடுத்தடுத்த இரு சீமைகள். ஒன்றையொன்று பொய்யாக்கும் இரு பத்திரங்கள். கொடுத்தவரின் உரிமையே வழக்கிலிருக்கும்போது கொடை எப்படிச் செல்லும் என்று எந்தச் சிறு கோர்ட்டிலும் ஒரு வக்கீல் கேட்பார். இவ்வழக்குக்குக் கோர்ட்டு இல்லை. 1752-ம் வருஷத் தொடக்கத்தில் சந்தா சாகிபின் மகனுடைய படை பூந்தமல்லிச் சீமையில் புகுந்து கொள்ளையிட்டுக் கிராமங்களைக் கொளுத்தியது. பரங்கிமலைப் பக்கத்து வீடுகளும் தப்பவில்லை. நெற்களம் எரிந்த குடியானவன் எந்தச் சன்னதைக் காட்டி யாரிடம் நஷ்டஈடு கேட்பான்? யுத்தம் நடக்கவில்லை என்றல்லவா இரு கம்பெனிகளும் சொல்லிவந்தன!

1754 ஜனவரியில், டச்சுக்காரருடைய நடுநிலை இடமான சதுரங்கப்பட்டினத்தில் இரு கம்பெனிகளின் பிரதிநிதிகளும் கூடினர். மகமதலியை நவாபாக ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேசுவோம் என்றனர் இங்கிலீஷ்காரர். பிரெஞ்சுக்காரர் தங்கள் சன்னதுகளை எடுத்துக் காட்டினர். டில்லிச் சக்கரவர்த்தியின் பெயரால் இருந்த பத்திரம் போலி என்று இவர்கள் வாதித்தனர். உங்களிடம் எந்தப் பத்திரம் இருக்கிறது என்று அவர்கள் கேட்டனர். பேச்சு முறிந்தது. சக்கரவர்த்தியின் முத்திரை உண்மையா பொய்யா என்று நிர்ணயிக்க இரண்டு வியாபாரக் கம்பெனிகள் உட்கார்ந்ததும், சக்கரவர்த்தியின் தர்பாரிலிருந்து அங்கே ஒரு குமாஸ்தாவும் இல்லாததும் அக்காலத்து நிலையை ஒரு படம்போலக் காட்டுகின்றன. அவ்வருஷமே டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். பின்வந்த கொதே, வருஷ இறுதியில் இங்கிலீஷ்காரருடன் ஒரு தற்கால உடன்படிக்கை எழுதினார். இரு கம்பெனிகளும் இந்நாட்டுப் பட்டங்களையும் அதிகாரங்களையும் என்றென்றைக்கும் துறப்பதாகவும், சுதேச மன்னர் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. அந்த வாசகத்தின் ஆயுள் எத்தனை மாதம் என்பதைச் சரித்திரம் அறியும்.

டூப்ளே போனபின் பிள்ளையவர்களின் நட்சத்திரமும் மங்கிற்று. 1756-ல் கவர்னர் லெரி அவரைப் பதவியினின்று நீக்கினார். உடல் நோயுற்றது, கம்பெனியுடன் இருந்த கணக்குகள் தீரவில்லை. லாலி 1758-ல் வந்தார். சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் மீண்டும் தோற்றார். பாண்டிச்சேரி பட்டினியில் கிடந்தது. பிள்ளையவர்கள் 1761 ஜனவரியில் காலமானார். அவர் இறந்த சில நாட்களுக்குள், அம்மாதம் 16-ந் தேதி, நகரம் இங்கிலீஷ்காரரிடம் பணிந்தது. அவர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினர். தாம் கால்நூற்றாண்டு எழுதிய நாடகத்தின் கடைசிக் காட்சியை அவர் பார்க்கவில்லை.

அவர் காணாத பின்காட்சி ஒன்றையும் சொல்லிவிடுவோம். 1763-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையில் இங்கிலாந்து, பிரான்சு தேசங்களின் ராஜாக்கள் மகமதலியைக் கர்நாடக நவாபாகவும், சலாபத்ஜங்கைத் தக்காண சுபேதாராகவும் அங்கீகரித்தனர். சலாபத்ஜங் அதற்கு முந்திய வருஷமே தம் சகோதரரால் சிறை வைக்கப்பட்டிருந்தார். அச்செய்தி பாரிஸுக்கு எட்டவில்லை. அங்கீகாரம் பெற்ற மகமதலி அதே 1763-ல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பிள்ளையவர்கள் பெயரால் எழுதப்பட்ட ஜாகீர் காற்றில் போயிற்று. ஆவடியும் அம்பத்தூரும் கிடக்கும் இந்த மேற்குப்புறம் எல்லாம் கம்பெனியின் கைக்குள் அடங்கிற்று. 1801-ல் கர்நாடக நவாபின் ராஜ்யமே கம்பெனி வசமாயிற்று. சட்டத்தின் பாஷையில் இவையாவும் கொடை, அங்கீகாரம், உடன்படிக்கை. ஜனங்களின் பாஷையில் வேறு பெயர்.

குறிப்பேடுகள் பல்லாண்டுகள் வீட்டில் மறைந்து கிடந்தன. 1846-ல் கல்வா-மொன்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றை வெளிக்கொணர்ந்தார். சென்னை ராஜாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். மூலத் தமிழோ 1948-ல்தான் பாண்டிச்சேரியில் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கிற்று. தமிழர் எழுதிய தமிழ் நூலை இங்கிலீஷில் முதலில் படித்த தலைமுறைகள் நம்முடையவை. இது வெட்கப்படத் தக்க செய்தி.

பிள்ளையவர்களைத் தேசபக்தர் என்று நாம் கொண்டாட முற்படவில்லை. அவர் காலத்தில் அச்சொல்லே இல்லை. அவர் பணம் தேடினார், பட்டம் விரும்பினார், தம் எஜமானர் வெற்றியைத் தம் வெற்றியாக எண்ணினார். கூரிய அறிவு, விரிந்த அனுபவம், பல தர்பார்களின் நாடி அறியும் திறமை ஆகிய யாவும் அவரிடம் இருந்தன. அவற்றைச் செலுத்துவதற்கு அவருக்குச் சொந்தமான ஒரு ராஜ்யம் இல்லை. அதுவே அவர் வாழ்வின் குறை; அக்குறை அவருடையது மட்டுமன்று. ஆனால் எழுதி வைத்தாரே, அதனால் ஒரு பொய் முறியடிக்கப்பட்டது. கீழ்நாட்டார்க்கு ராஜ்ய உறவுகளின் சட்டம் தெரியாது, நாம் வந்தே கற்பித்தோம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டார் பரப்பிய கதை. 1951 முதல் 1961 வரை சென்னைச் சர்வகலாசாலையில் சர்வதேசச் சட்டம் போதித்த போலந்து தேசத்து அறிஞர் அலெக்சாண்டிரோவிச், இந்திய மன்னருடன் ஐரோப்பியர் செய்த உடன்படிக்கைகளை ஆராய்ந்து, 1967-ல் வெளியிட்ட நூலில் அக்கதையைத் தகர்த்தார். கீழ்நாட்டு ராஜ்யங்கள் சமமான அந்தஸ்துடன் தூது அனுப்பின, உடன்படிக்கை செய்தன. வலிமை குன்றிய பின்னரே அவற்றின் அந்தஸ்தைச் சட்டநூலினின்று அழித்தனர் என்பது அவர் முடிவு. பிள்ளையவர்களின் குறிப்பேடு அம்முடிவுக்கு நாள்வாரியான சாட்சி.

காகிதத்தினால் கைமாறிய நாடு காகிதத்தினாலேயே மீண்டதும் உண்டு. 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர்; 170 பேர் இந்தியாவுடன் சேர வாக்களித்தனர். நவம்பர் முதல் தேதி பாண்டிச்சேரி நம் ஆட்சிக்கு வந்தது. 1956-ல் உடன்படிக்கை கையெழுத்தாகி, 1962-ல் உறுதி செய்யப்பட்டது. பாண்டிச்சேரி வந்த மூன்றாம் மாதம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியதை இப்பகுதிப் பெரியோர் பெருமையுடன் சொல்வதுண்டு. கீழூரில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: இம்மண்ணில் வாழ்வோர் விருப்பம் என்ன என்பது. 1742-ல் பெரம்பூரிலும், 1750-ல் பூந்தமல்லியிலும் கேட்கப்படாத கேள்வி அதுவே. சுதந்திர நாட்டிலும் அது எப்பொழுதும் கேட்கப்பட்டதென்று சொல்ல முடியாது. 1974-ம் வருஷ உடன்படிக்கையில் கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் விடப்பட்டபோது ராமேசுவரத்து மீனவரைக் கேட்டவர் யார்?

அரசியல் ஊழியருக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. எல்லை, ஒப்பந்தம், அங்கீகாரம் என்ற சொற்கள் காதில் விழும்போது, கையெழுத்திட்டவர் யார், அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, அங்கே வாழ்வோரைக் கேட்டார்களா என்ற மூன்றையும் விசாரியுங்கள். அந்த விசாரணையைப் பழக க்ரோஷியஸும் வேண்டும், வாட்டெலும் வேண்டும். அவர்களுக்குப் பக்கத்தில் பெரம்பூர்த் திருவேங்கடம் பிள்ளை குமாரர் ஆனந்தரங்கருடைய குறிப்பேட்டையும் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு வாசகசாலையிலும் அத்தொகுதிகள் இருத்தல் வேண்டும்.